முன்முடிவு என்கிற ஒற்றைச் சொல்லும் சில ஆங்கிலச் சொற்களின் வரலாறும்

1

விமர்சனம் எழுதுகிற நாமும் சரி, இயக்கங்களில் வேலை செய்கிற தோழர்களும் சரி, 'முன்முடிவு' என்கிற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஏகப்பட்ட வேலைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். கொஞ்சம் பழைய ஆட்கள் 'தப்பெண்ணம்' என்பார்கள். பத்திரிகைக்காரர்கள் 'பாரபட்சம்' என்பார்கள். மேடையில் அதுவே 'ஓரவஞ்சனை' ஆகிவிடும். மொழிபெயர்க்க உட்காரும்போது பிரெஜுடிஸ், பயஸ், ப்ரீகன்செப்ஷன், பிரிசம்ப்ஷன், ஸ்டீரியோடைப் என்று எது வந்து விழுந்தாலும் இவற்றில் கைக்கு அகப்பட்ட ஒன்றை எடுத்துப் போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறோம். வாசிக்கிறவர்களும் கேட்பதில்லை.

திரிசொல்லைத் தொல்காப்பியம் இரண்டாகப் பிரிக்கும்: ஒரு பொருளைக் குறிக்கும் பல சொற்கள், பல பொருளைக் குறிக்கும் ஒரு சொல். தமிழ் எம்.ஏ. வகுப்பில் இதை மனப்பாடம் செய்து மார்க் வாங்கியவர்கள் நாங்கள். மேற்சொன்ன ஆங்கிலச் சொற்களை முதல் வகை என்று நினைத்துக்கொள்வதால்தான் எல்லாவற்றுக்கும் 'முன்முடிவு' என்று எழுதுகிறோம். எழுத எழுத நம் சொல் இரண்டாவது வகைக்குள் போய் விழுந்துவிட்டது. பல பொருளைச் சுமக்கிற ஒரு சொல், எதையும் அழுத்திச் சொல்ல முடியாத சொல்லாக ஆகிவிடுகிறது.

இதெல்லாம் அகராதிக்காரர்களின் கவலை என்று ஒதுக்க முடியவில்லை. 'சாதி ஒரு முன்முடிவு' என்று ஒரு கட்டுரையில் எழுதுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். எழுதிய மாத்திரத்தில் சாதி தெருவிலிருந்தும் நிலத்திலிருந்தும் காவல் நிலையத்திலிருந்தும் எழுந்து போய் மனசுக்குள் உட்கார்ந்துகொள்கிறது. மனசுக்குள் இருப்பதை மனசை மாற்றித்தானே எடுக்க முடியும்? ஆக, படிப்பு கொடு, பழகவிடு, நல்ல நாவல் வாசிக்கச் சொல் என்று தீர்வும் அந்தச் சொல்லுக்குள்ளிருந்தே புறப்பட்டு வந்துவிடுகிறது. ஒரு அநீதிக்கு நாம் என்ன பெயர் வைக்கிறோமோ அதைப் பொறுத்துத்தான் யாரிடம் போய் நியாயம் கேட்பது என்பதும் அமைகிறது. அந்த ஆங்கிலச் சொற்கள் வெவ்வேறு இடங்களில் பிறந்தவை. நீதிமன்றத்தில் ஒன்று, விளையாட்டுத் திடலில் ஒன்று, அச்சுக்கூடத்தில் ஒன்று. பிறந்த இடத்தின் மண் இன்னும் அவற்றின் காலில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்த மண்ணைக் கொஞ்சம் கிளறிப் பார்ப்பதுதான் இக்கட்டுரையின் வேலை.

2

பிரெஜுடிஸ் என்கிற சொல்லின் லத்தீன் மூலம் ப்ரேயூடிகியம். ப்ரே என்றால் முன். யூடிகியம் என்றால் தீர்ப்பு. ரோமானியச் சட்டத்தில் இது மனம் சம்பந்தப்பட்ட சொல்லே இல்லை. பெரிய வழக்கு நடப்பதற்கு முன்னால் தீர்த்துக்கொள்ள வேண்டிய ஒரு கேள்வியை நீதிமன்றம் விசாரித்துச் சொல்லும் முடிவுக்குத்தான் அந்தப் பெயர். என்ன கேள்வி? கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் சட்ட அறிஞரான கையுஸ் தரும் உதாரணங்களில் ஒன்று, இந்த ஆள் விடுதலை பெற்ற அடிமையா என்பது. ஆறாம் நூற்றாண்டில் ஜஸ்டீனியனின் சட்டத்தொகுப்பிலும் ஒருவர் சுதந்திரரா என்கிற கேள்வி இந்த வகையில் வருகிறது. முன்தீர்ப்பு என்பது தொடக்கத்திலிருந்தே ஒரு மனிதரின் அந்தஸ்தைப் பற்றிய தீர்ப்பாகவும் இருந்திருக்கிறது. நீ யார் என்பது முதலில் முடிவாக வேண்டும். உனக்கு என்ன உரிமை என்பதெல்லாம் அதற்குப் பிறகு. சாதிச் சமூகத்தில் வாழ்கிற நமக்கு இதைப் புரியவைக்கத் தனியாக விளக்கவுரை வேண்டியதில்லை.

முன்னால் சொன்ன தீர்ப்பு பின்னால் வரும் வழக்கைப் பாதிக்கும். இதனால் அந்தச் சொல்லுக்குப் 'பாதகம்' என்கிற பொருளும் வந்து சேர்ந்தது. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் அது நுழைந்தபோது பாதகம் என்கிற பொருளும் கூடவே வந்தது. இன்றைக்கும் நம் ஊர் வக்கீல் நோட்டீசில், சமரசம் பேசுகிற கடிதத்தின் தலையில், 'விதவுட் பிரெஜுடிஸ்' என்று போடுகிறார்கள். 'என் மனசில் வெறுப்பு இல்லை' என்று வக்கீல் சொல்வதாக அதை யாராவது வாசித்தால் சிரிப்பார்கள். இதில் சொன்னதை வைத்து என் கட்சிக்காரரின் உரிமைக்குப் பாதகம் வரக்கூடாது என்பதுதான் அதன் பொருள். அங்கே மனசு இல்லை. உரிமையும் சேதமும் மட்டும்தான் இருக்கின்றன.

இந்தச் சொல் எப்போது மனசுக்குள் குடிபோனது? ஆங்கிலத்தில் அந்தப் பொருளும் பழையதுதான். ஆனால் அதுவே பிரதானப் பொருளாக மேலெழுந்தது அறிவொளிக் காலத்தின் கைங்கரியம். 1620இல் ஃபிரான்சிஸ் பேகன் வெளியிட்ட 'நோவும் ஓர்கனும்' அறிவை மறைக்கும் பொய்த்தெய்வங்களை நான்காகப் பிரித்தது. மனித இனத்துக்கே உரியவை, தனி மனிதனின் குகைக்குள் இருப்பவை, சந்தைப் பேச்சில் சொற்களோடு வருபவை, தத்துவ அரங்கில் நடித்துக் காட்டப்படுபவை என்பன அவை. இயற்கையை வாசிப்பது ஒன்று, அதை முந்திக்கொண்டு சொல்வது இன்னொன்று என்றும் அவர் பிரித்தார். அவசரப்பட்டு முந்திக்கொள்வதே பிழை. 1764இல் வால்டேர் தம் தத்துவ அகராதியில் இதற்கென்றே ஒரு பதிவு எழுதினார்: ஆராயாமல் ஏற்றுக்கொண்ட கருத்துதான் அவருக்கு முன்தீர்ப்பு. 1784இல் காண்ட், அறிவொளி என்றால் என்ன என்கிற கேள்விக்குப் பதில் எழுதியபோது, அடுத்தவர் கைப்பிடித்து நடப்பதை விட்டுச் சொந்த அறிவைப் பயன்படுத்தத் துணிவதே அது என்று சொன்னார். திருச்சபைக்கும் மன்னனுக்கும் எதிராக இந்தச் சொல் ஓர் ஆயுதமாக இருந்த காலம் இது. அதன் புரட்சிகரப் பாத்திரத்தை நாம் குறைத்து மதிப்பிடக் கூடாது.

ஆனால் அதற்கு ஒரு விலை இருந்தது. நீதிமன்றத்தில் பிறந்த சொல் படிப்பறைக்கு இடம் மாறியது. 1813இல் வெளியான ஜேன் ஆஸ்டினின் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலைப் பாருங்கள். அதன் முதல் வடிவத்துக்கு அவர் வைத்திருந்த பெயர் 'ஃபர்ஸ்ட் இம்ப்ரெஷன்ஸ்'. முதல் பார்வையில் விழுந்த பதிவுகள் என்று சொல்லலாம். நாயகி எலிசபெத் டார்சியைப் பற்றித் தவறாக நினைக்கிறாள். அவன் எழுதிய ஒரு கடிதத்தை வாசிக்கிறாள். திரும்பத் திரும்ப வாசிக்கிறாள். அவளுடைய தவறு கரைகிறது. முன்தீர்ப்பு இங்கே வாசிப்புப் பிழையாகிவிட்டது. மருந்தும் நல்ல வாசிப்புதான். அற்புதமான நாவல், சந்தேகமில்லை. ஆனால் டார்சிக்குப் பத்தாயிரம் பவுண்டு வருமானம் எங்கிருந்து வருகிறது என்கிற கேள்வியை அந்தக் கடிதம் தொடுவதில்லை. தொட வேண்டிய தேவையும் அந்தச் சொல்லுக்குள் இல்லை. தாராளவாத நாவல் நமக்குக் கற்றுத்தந்த இந்த மாதிரியைத்தான் நாம் சாதிக்கும் மதவெறிக்கும் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

3

முன்தீர்ப்புக்கு வக்காலத்து வாங்கியவர்களும் உண்டு. பிரெஞ்சுப் புரட்சி வெடித்த மறு ஆண்டு, 1790இல், எட்மண்ட் பர்க் தம் நூலில் அதை வெளிப்படையாகவே புகழ்ந்தார். தனி மனிதனின் பகுத்தறிவு சின்னக் கையிருப்பு. தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்த முன்தீர்ப்புகள் பெரிய சேமிப்பு. நெருக்கடி நேரத்தில் யோசித்துக்கொண்டு நிற்காமல் மனிதனைச் செயல்பட வைப்பது அதுதான். இதுவே அவருடைய வாதத்தின் சாரம். அதே ஆண்டிலேயே மேரி வுல்ஸ்டன்கிராஃப்ட் பதில் எழுதினார். அடுத்த ஆண்டு தாமஸ் பெய்ன் எழுதினார். பழசாக இருப்பதாலேயே ஒன்று மதிப்புக்குரியது என்றால் அடிமை வியாபாரத்தையும் மதிக்க வேண்டியதுதானே என்கிற திசையில் போனது வுல்ஸ்டன்கிராஃப்டின் கேள்வி.

இந்த விவாதம் இருபதாம் நூற்றாண்டில் ஜெர்மனியில் திரும்பவும் நடந்தது. நம் சிறுபத்திரிகை வாசகர்களுக்கு இது ஓரளவு தெரிந்த கதைதான். 1960இல் வெளியான 'உண்மையும் முறையும்' நூலில் காடமர், முன்தீர்ப்பே இல்லாமல் எதையும் புரிந்துகொள்ள முடியாது என்றார். ஒரு பிரதியைத் திறக்கும்போதே நாம் ஏதோ ஓர் எதிர்பார்ப்போடுதான் திறக்கிறோம். பிரதி அந்த எதிர்பார்ப்பைத் திருத்துகிறது. திருத்தப்பட்ட எதிர்பார்ப்போடு மேலே வாசிக்கிறோம். முன்தீர்ப்புக்கு எதிராக அறிவொளி கொண்டிருந்த பகையும் ஒரு முன்தீர்ப்புதான் என்பது அவருடைய புகழ்பெற்ற குத்தல். ஹேபர்மாஸ் இதை ஏற்கவில்லை. மரபு என்பது வெறும் உரையாடல் இல்லை, அதற்குள் அதிகாரமும் உழைப்பும் ஆதிக்கமும் இருக்கின்றன. பேச்சே திரிக்கப்பட்டிருக்கும்போது பேசிப் புரிந்துகொள்வோம் என்பது போதாது என்றார்.

என் பார்வையில் காடமர் சொல்வதற்கு நாம் வைத்துக்கொள்ள வேண்டிய சொல் 'முன்புரிதல்'. ஆங்கிலத்தில் ப்ரீகன்செப்ஷன் என்பதன் சாதுவான பக்கம் இது. இது இல்லாமல் ஒருவரும் இல்லை. இது குற்றமும் இல்லை. எப்போது குற்றமாகிறது? அமெரிக்க உளவியலாளர் கோர்டன் ஆல்போர்ட் 1954இல் எழுதிய நூலில் ஒரு எல்லைக்கோடு போட்டார். புதிய செய்தி வந்தபோது திருத்திக்கொள்ளப்படும் முன்கருத்து வெறும் தவறு. செய்தி வந்த பிறகும் அசையாமல் நிற்பதே பிரெஜுடிஸ். இந்தப் பிரிவினை உபயோகமானது. 'நீ முன்முடிவோடு பேசுகிறாய்' என்று கூட்டங்களில் ஒருத்தரை ஒருத்தர் அடித்துக்கொள்ளும்போது நாம் எதைச் சொல்கிறோம்? முன்னாலேயே ஒரு கருத்து இருந்ததையா, பின்னாலும் அது அசையாததையா? முன்னது எல்லோருக்கும் உண்டு. பின்னதற்குத்தான் கணக்குக் கேட்க வேண்டும்.

ஆல்போர்ட்டும் மனசை விட்டு வெளியே முழுசாக வரவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். மனசுக்கு வெளியே நிற்கிற சொற்களுக்கு வருவோம்.

4

பயஸ் என்பது பிரெஞ்சிலிருந்து வந்தது. சாய்வு, குறுக்குவாட்டம் என்று பொருள். பதினாறாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இது ஒரு விளையாட்டின் கலைச்சொல். புல்தரையில் தொலைவில் ஒரு சின்ன வெள்ளைப் பந்தை வைத்துவிட்டு, பெரிய பந்துகளை உருட்டி அதற்குப் பக்கத்தில் யார் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள் என்று பார்க்கிற ஆட்டம். பந்து சுத்த உருண்டையாக இருக்காது. ஒரு பக்கம் கனம் கூடியதாகவோ வடிவம் சற்றுக் கோணலாகவோ செய்திருப்பார்கள். நேராக உருட்டினாலும் போகப்போக ஒரு பக்கமாக வளையும். அந்த வளைவுக்கும் வளைய வைக்கிற கனத்துக்கும் பயஸ் என்று பெயர். ஷேக்ஸ்பியர் 'கிங் ஜான்' நாடகத்தில் சுயலாபத்தை உலகம் என்கிற பந்துக்குள் வைத்த கனமாக உருவகப்படுத்துகிறார்.

இந்த ஆட்டத்தை யார் ஆடலாம் என்பதற்கே சட்டம் இருந்தது. எட்டாம் ஹென்றி காலத்தில் 1541இல் வந்த சட்டப்படி கைவினைஞர்களும் கூலியாட்களும் வேலைக்காரர்களும் தொழில் பழகுகிற பையன்களும் கிறிஸ்துமஸ் காலம் தவிர வேறு நாளில் இதை ஆடக்கூடாது. ஆண்டுக்கு நூறு பவுண்டு வருமானம் தரும் நிலம் உள்ளவர்களுக்குத் தங்கள் சொந்தத் திடலில் ஆட அனுமதி கிடைக்கும். அதாவது சாய்வான பந்தை உருட்டுகிற உரிமையும் சாய்வாகத்தான் பங்கிடப்பட்டிருந்தது.

இந்தச் சொல்லின் அழகு எங்கே இருக்கிறது என்றால், உருட்டுகிறவனின் எண்ணத்தைப் பற்றி அது பேசுவதே இல்லை. அவன் நல்லவனாக இருக்கலாம், நேராகத்தான் உருட்டியிருக்கலாம். பந்துக்குள் கனம் இருக்கிறவரை அது வளையத்தான் செய்யும். ஆங்கிலச் சட்டம் இதைப் பிடித்துக்கொண்டது. 1852இல் டைம்ஸ் என்பவருக்கும் கிராண்ட் ஜங்ஷன் கால்வாய்க் கம்பெனிக்கும் நடந்த வழக்கு பிரபுக்கள் சபைக்கு வந்தது. கீழே கம்பெனிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்திருந்தவர் லார்ட் சான்சலர் காட்டன்ஹாம், நாட்டின் மிக உயர்ந்த நீதிபதி. அவருக்கு அந்தக் கம்பெனியில் பங்குகள் இருந்தன. அவர் அந்தப் பங்குகளுக்காக நீதி தவறினார் என்று யாரும் சொல்லவில்லை. தீர்ப்பை ரத்துசெய்த நீதிபதிகளே, அவர் இம்மியும் அதனால் பாதிக்கப்பட்டிருக்க மாட்டார் என்றுதான் எழுதினார்கள். இருந்தும் ரத்து செய்தார்கள். தன் வழக்குக்குத் தானே நீதிபதியாக இருக்கக்கூடாது, இருந்தால் செல்லாது. அவ்வளவுதான். மனசைத் திறந்து பார்க்க வேண்டிய அவசியமே ஏற்படவில்லை. எங்கே நிற்கிறார் என்பதே போதுமானதாக இருந்தது.

இதை நம் ஊர் விவாதத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 'அவர் சாதி பார்க்கிறவரே கிடையாது, தங்கமான மனுஷன்' என்கிற நற்சான்றிதழ் எத்தனை விவாதங்களை முடித்துவைத்திருக்கிறது! தேர்வுக் குழுவிலோ பரிசுக் குழுவிலோ பாடநூல் குழுவிலோ யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கேட்டால், தனிமனிதத் தாக்குதல் என்று கோபம் வருகிறது. கேள்வி தங்கத்தைப் பற்றியதே இல்லை. கால்வாயில் பங்கு இருக்கிறதா இல்லையா என்பதுதான் கேள்வி. பிரெஜுடிஸ் பற்றிய குற்றச்சாட்டுக்கு ஒருவர் தம் மனசைச் சாட்சிக்கு அழைக்கலாம். பயஸ் பற்றிய குற்றச்சாட்டுக்கு அந்தச் சாட்சி செல்லாது. இரண்டுக்கும் 'முன்முடிவு' என்றே எழுதிக்கொண்டிருந்தால் இந்த வேறுபாடு கைநழுவிப் போகிறது.

5

ஸ்டீரியோடைப் அச்சுத்தொழிலின் சொல். சிறுபத்திரிகைக்காரர்களுக்கு இதை எளிதாகச் சொல்லலாம். ஈய எழுத்தைக் கோத்து, புரூஃப் பார்த்து, அச்சடித்து முடித்ததும் எழுத்துகளைப் பிரித்து அறைகளில் போட்டு அடுத்த பாரத்துக்கு எடுத்த காலத்தை நினைவில் வைத்திருப்பவர்கள் நம்மிடையே உண்டு. மறுபதிப்பு வேண்டுமென்றால் முதலிலிருந்து கோக்க வேண்டும். கோத்ததை அப்படியே வைத்திருக்கவோ அவ்வளவு எழுத்துக்குக் காசு கிடையாது. இதற்கு வழி, கோத்த பக்கத்தின் மேல் அச்சுக்குழி எடுத்து அதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றி ஒரே தகடாக வார்த்துவிடுவது. எடின்பரோ பொற்கொல்லர் வில்லியம் கெட் பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே இதைச் செய்து பார்த்தார். அந்த நூற்றாண்டின் கடைசியில் பாரீசில் ஃபிர்மான் தீதோ இதற்கு ஸ்டீரியோடைப் என்று பெயர் வைத்தார். கிரேக்கத்தில் ஸ்டீரியோஸ் என்றால் கெட்டி. இங்கிலாந்தில் ஸ்டன்ஹோப் பிரபு இந்த முறையைச் செப்பனிட்ட பிறகு பைபிள்களும் பாடப்புத்தகங்களும் இப்படி மலிவாகப் பெருகின. 'க்ளீஷே' என்கிற சொல்லும் இதே தொழிலில் பிறந்த பிரெஞ்சுச் சொல்தான்.

தகட்டில் உள்ள பிழையைத் திருத்துவது கஷ்டம். ஓர் எழுத்தை மாற்ற வேண்டுமானால் வெட்டி ஒட்ட வேண்டும். எனவே பிழையோடேயே அடுத்த பதிப்பும் வரும். அமெரிக்கப் பத்திரிகையாளர் வால்டர் லிப்மன் 1922இல் 'பப்ளிக் ஒப்பீனியன்' நூலில் இந்தத் தொழிற்சொல்லை எடுத்து நம் தலைக்குள் இருக்கும் மனிதப் படங்களுக்குப் பெயராக வைத்தபோது, முதல் உலகப் போரின் பிரச்சார இயந்திரத்துக்குள் வேலை பார்த்துவிட்டு வந்திருந்தார். கண் ஒரு மனிதரைச் சேர்வதற்கு முன்பே பண்பாடு கொடுத்த படம் அங்கே போய் நின்றுவிடுகிறது என்பதும், அந்தப் படங்கள் சமூகத்தில் நம் இருப்பிடத்தைக் காக்கும் அரணாக இருக்கின்றன என்பதும் அவர் வாதம். அரண் என்பதைக் கவனிக்கணும். அறியாமை என்று அவர் சும்மா விட்டுவிடவில்லை.

சென்னை மாகாணத்தில் இந்தத் தகடு எப்படி வார்க்கப்பட்டது என்பதற்கு ஆவணம் இருக்கிறது. 1892இல் முல்லாலி என்கிற போலீஸ் அதிகாரி மாகாணத்தின் 'குற்ற வகுப்புகள்' பற்றி ஒரு குறிப்பு நூல் எழுதினார். 1909இல் எட்கர் தர்ஸ்டன், ரங்காச்சாரியின் உதவியோடு, தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி ஏழு தொகுதிகள் வெளியிட்டார். அதில் முல்லாலியின் குறிப்புகள் மேற்கோள்களாக வந்து உட்கார்ந்திருக்கின்றன. போலீசுக்காரரின் கையேடு இனவரைவியல் ஆயிற்று. 1911இல் குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்துக்கும் விரிக்கப்பட்டது. ஒவ்வொரு பதிப்பிலும் புதிதாக ஒருவர் வெறுக்க வேண்டிய தேவை இல்லை. தகடு இருக்கிறது, மை தடவினால் போதும்.

6

பிரிசம்ப்ஷன் என்றால் முன்கூட்டியே எடுத்துக்கொள்வது. கிறிஸ்தவ இறையியலில் இது ஒரு பாவம். கடவுளின் அருள் எப்படியும் தனக்குக் கிடைத்துவிடும் என்கிற துணிச்சல். சட்டத்தில் அதே சொல் ஒரு பாதுகாப்பு. குற்றம் நிரூபிக்கப்படும்வரை ஒருவரை நிரபராதி என்று கொள்வதும் முன்கூட்டியே எடுத்துக்கொள்வதுதானே? சான்று வருவதற்கு முன்பே ஒரு முடிவு. ஆனால் வலியவனுக்கு எதிராக எளியவனைக் காக்கிற முடிவு. 1935இல் வுல்மிங்டன் வழக்கில் பிரபுக்கள் சபை இதை ஆங்கிலக் குற்றவியல் சட்டத்தின் ஆதாரக் கோட்பாடாக நிலைநிறுத்தியது. ஆகவே, முன்முடிவு என்றாலே கெட்டது என்று அடித்துப் பேசவும் முடியாது. யாருக்குச் சாதகமாக, நிரூபிக்கும் சுமையை யார் தலையில் வைத்து என்பதுதான் கேள்வி.

இந்தக் கேள்விக்கு இந்திய வரலாறு ஒரு கொடூரமான பதிலை வைத்திருக்கிறது. ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீஃபன் 1869 முதல் 1872வரை வைஸ்ராய் சபையின் சட்ட உறுப்பினராக இருந்தார். 1872இன் இந்தியச் சாட்சியச் சட்டம் அவர் கைவண்ணம். எதை நீதிமன்றம் ஊகித்துக்கொள்ளலாம், எதை ஊகித்தே தீர வேண்டும், எது மறுக்க முடியாத முடிவான சான்று என்று நாலாம் பிரிவிலேயே மூன்று படிகளாகப் பிரித்துவைத்த சட்டம் அது. ஒருவருக்குக் கெட்ட பெயர் இருக்கிறது என்பது குற்ற வழக்கில் பொருந்தாத செய்தி என்பது அதன் 54ஆம் பிரிவின் பொதுவிதி. அவர் தரப்பே நல்ல பெயரைச் சான்றாகக் கொண்டுவந்தால்தான் விதிவிலக்கு. 2024 ஜூலை முதல் தேதிவரை, பல திருத்தங்களோடு, அந்தச் சட்டம் இந்த நாட்டில் அமலில் இருந்தது.

அதே சட்ட உறுப்பினரின் காலத்தில், சில மாதங்களுக்கு முன்னால், 1871 அக்டோபரில் அதே சபையில் நிறைவேறியதுதான் குற்றப் பரம்பரைச் சட்டம். ஒரு கூட்டம் வழக்கமாகக் குற்றம் செய்கிறது என்று 'நம்புவதற்குக் காரணம்' இருந்தால் மாகாண அரசு அதைத் தலைமை ஆளுநரின் ஒப்புதலோடு குற்றப் பரம்பரையாக அறிவிக்கலாம். அறிவித்துவிட்டால் அந்த அறிவிப்பே 'முடிவான சான்று'. எந்த நீதிமன்றமும் அதைக் கேள்வி கேட்க முடியாது. தொடக்கத்தில் வெறும் நம்பிக்கை, முடிவில் அசைக்க முடியாத சான்று. நடுவில் விசாரணை என்கிற ஒன்றே கிடையாது. தனி மனிதனின் கெட்ட பெயரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றக்கூடாது என்று நுணுக்கம் பார்த்த சட்ட மூளை, ஒரு சாதி முழுவதற்கும் பிறப்பையே சாட்சியமாக்குவதில் எந்த முரணையும் காணவில்லை. ரோமானிய ப்ரேயூடிகியம் போல 'நீ யார்' என்பது முதலிலேயே தீர்ந்துவிட்டது. ரோமிலாவது அதற்கு ஒரு விசாரணை இருந்தது.

மதுரைப் பக்கத்தில் இதைக் கைரேகைச் சட்டம் என்றார்கள். அந்தப் பெயரில் தத்துவம் ஒன்றுமில்லை. உடம்புக்கு நடந்தது மட்டும் இருக்கிறது. ரேகை கொடுக்க மறுத்த பிறமலைக் கள்ளர்கள்மீது 1920 ஏப்ரல் 3ஆம் தேதி பெருங்காமநல்லூரில் போலீஸ் சுட்டது. மாண்டவர்களில் மாயக்காள் என்கிற பெண்ணும் ஒருவர். அந்தத் துப்பாக்கிக்குப் பின்னால் நின்ற போலீசுக்காரரின் மனசில் என்ன முன்முடிவு இருந்தது என்று ஆராய்வதில் என்ன பிரயோஜனம்? முன்முடிவு அரசிதழில் அச்சாகியிருந்தது.

சென்னை மாகாணத்தில் 1947இலும் நாடு முழுவதும் 1952 ஆகஸ்டிலும் இந்தச் சட்டம் ரத்தானது. ஆனால் 1948இலேயே சென்னை மாகாணம் வழக்கமான குற்றவாளிகளைக் கட்டுப்படுத்தும் சட்டத்தைக் கொண்டுவந்துவிட்டது. சிறைக் கையேடுகளில் சாதிப்படி வேலை பிரிப்பதும், அறிவிப்பு நீக்கப்பட்ட சமூகங்களைச் சந்தேகக் கண்ணோடு பார்ப்பதும் அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2024 அக்டோபரில். சட்டம் செத்து எழுபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பிறகும் தகடு அச்சடித்துக்கொண்டே இருந்திருக்கிறது.

7

இந்தச் சொற்களின் வேறுபாடு இங்கிலாந்திலேயே ஒரு அரசியல் போராட்டமாக நடந்தது. 1824ஆம் ஆண்டின் நாடோடிகள் சட்டம் 'சந்தேகத்துக்குரிய நபர்' என்று போலீஸ் கருதினாலே கைது செய்ய இடம் கொடுத்தது. கறுப்பின இளைஞர்கள் அதைச் சுருக்கமாக 'சஸ்' என்றார்கள். 1981 ஏப்ரலில் லண்டன் பிரிக்ஸ்டன் பகுதியில் போலீஸ் சில நாட்களில் 943 பேரை நிறுத்திச் சோதித்தது. அவர்களில் பாதிக்கு மேல் கறுப்பர்கள். கலவரம் வெடித்தது. விசாரித்த ஸ்கார்மன் பிரபு, பிரிட்டனில் நிறுவனமயமான இனவாதம் இல்லை என்றார். தெருவில் நிற்கும் சில அதிகாரிகளிடம் பிரெஜுடிஸ் தென்படுகிறது என்றார். சில அதிகாரிகள், சில மனசுகள். தீர்வு பயிற்சி. சஸ் பிரிவு அந்த ஆண்டே நீக்கப்பட்டது என்பது உண்மை. ஆனால் நிறுத்திச் சோதிப்பது நிற்கவில்லை.

1993 ஏப்ரல் 22 இரவு, பதினெட்டு வயது ஸ்டீஃபன் லாரன்ஸ் தென்கிழக்கு லண்டனில் பேருந்துக்குக் காத்திருந்தபோது வெள்ளை இளைஞர்களால் குத்திக் கொல்லப்பட்டார். கூட இருந்த நண்பரைப் பாதிக்கப்பட்டவராகப் பார்க்காமல் சந்தேகத்தோடு பார்த்தது போலீஸ். பெற்றோர் விடாமல் போராடியதால் விசாரணைக் குழு வந்தது. 1999 பிப்ரவரியில் மாக்ஃபர்சன் அறிக்கை வந்தது. அதில்தான் 'நிறுவன இனவாதம்' என்கிற சொல் ஓர் அரசு ஆவணத்தில் லண்டன் போலீசின்மீது குற்றமாக வைக்கப்பட்டது. 1967இல் ஸ்டோக்லி கார்மைக்கேலும் சார்ல்ஸ் ஹாமில்டனும் எழுதிய 'பிளாக் பவர்' நூலிலிருந்து கிளம்பிய சொல் அது. ஒரு போராட்டச் சொல் அரசு அறிக்கைக்குள் நுழைய முப்பத்திரண்டு ஆண்டுகள் பிடித்தது.

மாக்ஃபர்சனும் அந்தப் பழைய சொல்லை முழுசாக உதறிவிடவில்லை. நிறுவனத்தின் கூட்டுத் தோல்வி என்று தொடங்குகிற அவருடைய வரையறை, 'அறியாமலேயே கொண்ட பிரெஜுடிஸ்' என்கிற சொல்லாட்சிக்குத் திரும்பி வருகிறது. பந்துக்குள் இருக்கும் கனத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்து, உருட்டுகிறவனின் அறியாமைக்குப் போய்விடுகிற தடுமாற்றம். இருந்தாலும் 1981க்கும் 1999க்கும் இடையே என்ன நடந்தது என்று கேட்டால், 'சில அதிகாரிகள்' என்கிற எழுவாய் 'நிறுவனம்' என்று மாறியது. எழுவாய் மாறினால் பயனிலையும் மாறும். குற்றவாளிகளில் இருவருக்குத் தண்டனை கிடைத்தது 2012 ஜனவரியில்.

8

தமிழில் என்ன செய்யலாம்? புதுச்சொல் தயாரித்துக் குவிப்பதில் எனக்கு ஆர்வம் கிடையாது. இருக்கிற சொற்களைத் தனித்தனி வேலைக்கு அனுப்பலாம். காடமர் சொல்கிற, எல்லோருக்கும் உள்ள எதிர்பார்ப்புக்கு முன்புரிதல். சான்று வந்த பிறகும் அசையாத கருத்துக்குத் தப்பெண்ணம். பழைய ஆட்களின் சொல் இங்கே சரியாகவே பொருந்துகிறது. உரிமைக்கு நேரும் சேதத்துக்குப் பாதகம். சட்டமும் அரசும் விசாரிக்காமலே சொல்லிவிட்ட முடிவுக்கு முன்தீர்ப்பு. நிரூபிக்கும்வரை எடுத்துக்கொள்வதற்கு முற்கோள் அல்லது ஊகம். திரும்பத் திரும்ப அச்சாகும் படத்துக்கு வார்ப்பு.

பயசுக்கு நம்மிடம் ஏற்கனவே ஒரு நல்ல சொல் இருக்கிறது. நடுவுநிலைமை அதிகாரத்தில் வள்ளுவர் புழங்குகிற கோட்டம். வளைவு, சாய்வு என்பதே அதன் பொருள். துலாக்கோலின் நாவு ஒரு பக்கம் சாய்வதைப் பார்த்து எழுந்த சிந்தனை அது. தராசுக்கு மனசு கிடையாது என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளலாம். வள்ளுவருக்குச் சென்னையில் பெரிதாகக் கோட்டம் கட்டிவிட்டோம். அவர் சொன்ன கோட்டத்தை அகராதியில் விட்டுவிட்டோம்.

பெயர் சரியாக வைத்துவிட்டால் சாதி ஒழிந்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஓர் ஊரில் தலித்துகளுக்குச் சுடுகாட்டுப் பாதை மறுக்கப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கே இருப்பது தப்பெண்ணமா, கோட்டமா, வார்ப்பா, முன்தீர்ப்பா, பாதகமா? பெரும்பாலும் எல்லாமே இருக்கும். தப்பெண்ணத்துக்குப் பேச்சுவார்த்தை நடத்தலாம். வார்ப்புக்குப் பாடநூலையும் சினிமாவையும் எடுத்துக்கொண்டு சண்டை போடலாம். கோட்டத்துக்குப் பஞ்சாயத்திலும் வருவாய் அலுவலகத்திலும் காவல் நிலையத்திலும் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கேட்க வேண்டும். முன்தீர்ப்புக்கு எந்த ஆவணம், எந்த உத்தரவு என்று தேட வேண்டும். பாதகத்துக்கு இழப்பீடு கேட்க வேண்டும். 'முன்முடிவு' என்று ஒற்றைச் சொல்லில் எழுதி முடித்துவிட்டால் இதில் முதல் வேலை ஒன்றுதான் நமக்குத் தெரியும். அமைதிக் கூட்டம் கூட்டி, இரண்டு தரப்பையும் கைகுலுக்க வைத்து, போட்டோ எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவோம். பாதை அப்படியே கிடக்கும்.